போனுக்கு நேர வரம்பு: எந்தப் பூட்டு, யாரிடம் சாவி?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். பள்ளிக்கூட லீவும் கிட்டத்தட்ட அதே சமயம்தான். அப்பாவும் வீட்டில், பிள்ளையும் வீட்டில், இருவர் கையிலும் தினம் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி நெட். மண்டபத்தில் என் மொபைல் சர்வீஸ் கடைக்கு டிஸ்பிளே மாற்ற வருகிறவர்கள் அந்த இரண்டு மாதமும் கூடவே ஒரு வேண்டுகோளையும் கொண்டுவருவார்கள்: “அண்ணே, டைமர் போட்டுக் குடுத்தீங்கள்ல, அதை அவன் அன்னைக்கே எடுத்துட்டான். எடுக்க முடியாத மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க.”

எடுக்கவே முடியாத பூட்டு கிடையாது. போனும் கையில் இருந்து நேரமும் இருந்தால் எதையும் கழற்றிவிடலாம். ஆனால் மூன்று தட்டில் கழலும் பூட்டு வேறு, அம்மாவைக் கேட்காமல் கழலாத பூட்டு வேறு. அதனால் எந்த ஏற்பாடாக இருந்தாலும் நான் பார்ப்பது இதைத்தான்: சாவி யார் கையில், கழற்ற எவ்வளவு நேரம் ஆகும், பூட்டும்போது தேவையான வேலையும் சேர்ந்து பூட்டிக்கொள்கிறதா. கடைசிக் கேள்விக்கு நம் கடற்கரையில் மதிப்பு அதிகம். நாளைக்குக் காற்று எப்படி என்று விண்டி ஆப்பில் பார்ப்பதும், கடலுக்குப் போக அனுமதிச் சீட்டான டோக்கன் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்வதும், மீன் விற்ற காசு வந்ததா என்று பார்ப்பதும் அதே போனில்தான். ரீல்ஸைப் பூட்டப் போய் காற்று எச்சரிக்கையைப் பூட்டினால் அது கட்டுப்பாடில்லை, ஆபத்து.

போனோடு வரும் டைமர்

ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம். இரண்டும் 2018-இல் வந்தவை. காசு வேண்டாம், எதையும் இறக்க வேண்டாம். ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

டிஜிட்டல் வெல்பீயிங்கில் யூடியூபுக்கு ஒரு மணி நேரம் வைத்தால், நேரம் முடிந்ததும் ஐகான் சாம்பல் நிறமாகும், திறக்காது. நள்ளிரவில் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எல்லாம் சரி, ஆனால் டைமரை எந்தப் பக்கத்தில் வைத்தோமோ அதே பக்கத்தில் போய் நீக்கிவிடலாம். பாஸ்வேர்டு கேட்காது. தன் போனைத் தானே குறைக்க நினைப்பவருக்கு “அட, மூன்று மணி நேரமா போச்சு” என்று தெரிய இது போதும். பிள்ளைக்குப் போட்டுக் கொடுப்பது வீண்.

இதற்கு ஒரு சில்லறைத் தந்திரம் உண்டு. பல சீனக் கம்பெனி போன்களில் ஆப் லாக் போனோடே வருகிறது. சில மாடல்களில் அதை வைத்து செட்டிங்ஸையே பூட்டலாம். அந்தப் பின் நம்பரை வேறொருவர் போட்டுவைத்தால் டைமரை நீக்கப் போகும் வழி அடைபடும். காசில்லாமல் கிடைக்கும் ஏற்பாடுகளில் எனக்குப் பிடித்தது இது. செட்டிங்ஸில் வேறு எதை மாற்ற வேண்டியிருந்தாலும் சாவிக்காரரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

பூட்டாத ஓட்டைகள் இருக்கின்றனவே. யூடியூப் ஆப்பைப் பூட்டினால் குரோமில் யூடியூப் திறக்கும். இன்ஸ்டாகிராமைப் பூட்டினால் ‘டூயல் ஆப்ஸ்’ வழியாக இரண்டாவது இன்ஸ்டாகிராம் முளைக்கும். சாம்சங்கில் செக்யூர் ஃபோல்டர் என்று தனி அறையே இருக்கிறது. ஆண்ட்ராய்டு 15-இல் பிரைவேட் ஸ்பேஸ் என்ற மறைவிடம் வந்திருக்கிறது. டைமர் போடும் ஆள் முதலில் இந்த இடங்களை ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும். பிரவுசருக்கும் வரம்பு வைக்காமல் யூடியூபுக்கு மட்டும் வைப்பது முன்கதவைப் பூட்டிவிட்டு கொல்லைக்கதவைத் திறந்து போடுவது.

ஐபோன் இந்த விஷயத்தில் ஒரு படி மேல். ஸ்கிரீன் டைமுக்கென்று தனி பாஸ்கோடு உண்டு. போனைத் திறக்கும் பாஸ்கோடு வேறு, இது வேறு. அதைப் போட்ட பிறகு, வரம்பு முடிந்ததும் முழுதாகத் தடுக்கச் சொல்லும் ஒரு சுவிட்ச் கிடைக்கும். அதைப் போடாமல் விட்டால் ‘இன்னும் 15 நிமிடம்’, ‘இன்று முழுக்க வரம்பு வேண்டாம்’ என்று போனே சலுகை கொடுத்துக்கொண்டிருக்கும். ஐபோன் வைத்திருப்பவர்களில் பலர் இந்த சுவிட்சைப் பார்த்ததே இல்லை. அப்புறம், பாஸ்கோடு வைக்கும்போது, மறந்துபோனால் மீட்க ஒரு ஆப்பிள் கணக்கு கேட்கும். பயன்படுத்துகிறவரின் கணக்கையே அங்கே கொடுத்தால், பாஸ்கோடு மறந்துவிட்டது என்று சொல்லி அவரே திறந்துகொள்வார். சாவியை வைத்திருப்பவரின் கணக்குதான் அங்கே இருக்க வேண்டும். ஆப்பை நீக்குவது, கணக்கை மாற்றுவது இரண்டையும் அதே ஸ்கிரீன் டைமில் தடுத்துவைக்கலாம், தடுத்துவைக்க வேண்டும்.

கடிகாரத்தை மாற்றி டைமரை ஏமாற்றும் பழைய வித்தையும் உண்டு. தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்து வரவேற்பு மெசேஜ் வருவது நமக்குப் பழக்கம்தானே. அப்படிப் பிடித்தால் நேரம் மாறி வரம்பு தப்பிவிடுமா என்று ஒரு பையன் மெனக்கெட்டுக் கேட்டான். மாறாது தம்பி. 2006 முதல் இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம்.

ஃபேமிலி லிங்க்

பிள்ளைக்கென்று தனி ஆண்ட்ராய்டு போன் கொடுத்துவிட்ட வீடு என்றால் நான் முதலில் சொல்வது கூகுளின் ஃபேமிலி லிங்க்தான். 2017-இல் வந்தது, இலவசம். பெற்றோர் போனில் ஓர் ஆப், பிள்ளையின் போனில் பிள்ளைக்கென்று திறந்த கூகுள் கணக்கு. மொத்த நேரம், தூங்கும் நேரம், ஒவ்வொரு ஆப்புக்கும் தனி வரம்பு, புது ஆப் இறக்க அனுமதி எல்லாமே பெற்றோர் போனிலிருந்து. சாவி வேறொரு போனில் இருக்கிறது என்பதுதான் இதன் பலம். பிள்ளை தன் போனில் எவ்வளவு நோண்டினாலும் வரம்பை நீக்கும் பொத்தான் அங்கே இருக்காது. வால்யூம் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்தி ரீசெட் அடித்தாலும் பழைய கணக்கைக் கேட்கும். அந்தக் கணக்கைப் போட்டால் பெற்றோரின் பாஸ்வேர்டைக் கேட்கும். காசு வாங்கிக்கொண்டு அந்தப் பூட்டை உடைத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன என்பது வேறு கதை.

நேரம் முடிந்து போன் பூட்டிக்கொண்ட பிறகும் வரும் அழைப்பை எடுக்கலாம், அவசர அழைப்பு போடலாம், ‘எப்போதும் அனுமதி’ என்று குறித்துவைத்த ஆப்கள் ஓடும். தேவையான வேலையும் பூட்டிக்கொள்கிறதா என்ற மூன்றாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறெந்த ஏற்பாட்டிலும் இல்லை.

இது தோற்கும் இடங்கள் வேறு. முதலில் பிறந்த தேதி. புது போன் வாங்கியதும் ஜிமெயில் திறந்து கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம். அவசரத்தில் பிறந்த வருடம் என்று வாயில் வந்ததைப் போட்டுவிடுகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் கூகுள் கணக்கில் முப்பத்தைந்து வயது ஆளாக இருக்கிறான். அந்தக் கணக்கைப் பிள்ளையின் கணக்கென்று ஃபேமிலி லிங்க் ஏற்காது. கட்டுப்பாடு போட வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த இடத்திலேயே வேலை நின்றுவிடுகிறது. சரியான தேதியோடு கணக்கை ஒழுங்குபடுத்தாமல் மேலே போகவே முடியாது.

அடுத்தது அப்பாவின் போன். சாவி அங்கே இருக்கிறதென்றால், அந்த போனைத் திறக்கத் தெரிந்தவனிடம் சாவியும் இருக்கிறது. கடல் தொழிலாளி கையில் விரல்ரேகை சென்சார் சரியாக வேலை செய்யாது. கயிறும் வலையும் இழுத்து இழுத்து ரேகை தேய்ந்திருக்கும், உப்புத்தண்ணீரில் தோல் வெடித்திருக்கும். பத்துத் தடவை வைத்துப் பார்த்துவிட்டுப் பேட்டன் லாக்குக்குப் போய்விடுவார்கள். கடைக்கு வரும் போன்களில் அந்தப் பேட்டன் கண்ணாடி மேல் எண்ணெய்க் கோடாகவே தெரியும். போனைச் சற்றுச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் போதும். பின் நம்பர் வைப்பவர்களோ படகுப் பதிவு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை வைக்கிறார்கள். அது படகின் பக்கவாட்டில் பெயிண்ட் அடித்தே இருக்கிறது. ஃபேமிலி லிங்க் போடும் நாளன்று அப்பா, அம்மா போன்களுக்கு ஆறு இலக்கப் பின் நம்பர் புதிதாக வைப்பதும் அந்த வேலையில் ஒரு பகுதிதான்.

யார் பெற்றோர் என்பதும் முக்கியம். காலையில் டோக்கன் வாங்கிப் போகும் ராமேஸ்வரம் விசைப்படகு மறுநாள் காலைதான் கரைக்கு வரும். சாவி அப்பாவிடம் மட்டும் இருந்தால், அன்று இரவு வாத்தியார் அனுப்பிய பாடத்தைப் பார்க்கக்கூடப் பிள்ளையால் முடியாது. ஃபேமிலி லிங்கில் பெற்றோருக்கான குறியீட்டு எண் ஒன்று உண்டு. பிள்ளையின் போனில் நெட் இல்லாவிட்டாலும் அந்த எண்ணைப் போட்டுத் திறக்கலாம். ஆனால் அதைச் சொல்ல அப்பாவுக்கு டவர் வேண்டுமே. அம்மாவையும் குடும்பக் குழுவில் பெற்றோராகச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. என்னைக் கேட்டால், தொழிலுக்குப் போகும் வீட்டில் முதல் சாவியே அம்மாவிடம்தான் இருக்க வேண்டும். “எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா” என்று ஒதுங்கும் அக்காக்களுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் கால்மணி நேரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். மகளிர் குழுக் கணக்கையே வைத்திருப்பவர்களுக்கு இதுவா கஷ்டம்.

கீழக்கரை, பெரியபட்டினம், மரைக்காயர்பட்டினம் பக்கம் கதை வேறு. வாப்பா துபாயில், உம்மா வீட்டில். தொழில்நுட்பம் தெரிந்தவர் வாப்பா என்பதால் ஃபேமிலி லிங்க் அவர் போனில். கடல் தாண்டி இருந்தாலும் நெட் இருந்தால் போதும், வேலை செய்யும். குடும்பக் குழுவில் இருப்பவர்கள் ஒரே நாட்டில் இருக்க வேண்டும் என்று கூகுள் நிபந்தனை வைத்திருப்பதால், கூகுள் கணக்கின் நாட்டை அமீரகத்துக்கு மாற்றிவிட்டவர்களுக்கு மட்டும் ஆரம்பத்திலேயே இடிக்கும். அப்படியானால் உம்மாவின் கணக்கில் தொடங்குவதே வழி.

பெரிய சிக்கல் நேர வித்தியாசம். அமீரகம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு பதினொன்றுக்குப் பிள்ளை ‘கூடுதல் நேரம்’ கேட்டுப் பொத்தானைத் தட்டினால் அங்கே ஒன்பதரை. வேலை முடிந்து ரூமுக்கு வந்து, பிள்ளை முகத்தைப் பார்க்க மாட்டோமா என்று இருக்கும் நேரம். வாப்பா சரி என்று தட்டிவிடுவார். பக்கத்து அறையில் உம்மா “போனை வைடா” என்று கத்திக்கொண்டிருப்பார். பிள்ளை பூட்டை உடைக்கவே இல்லை, பாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான். இரவு ஒன்பதுக்கு மேல் வரும் எந்த வேண்டுகோளுக்கும் “உம்மாட்ட கேளு” என்பது மட்டும்தான் வாப்பாவின் பதில் என்று இருவரும் முதலிலேயே பேசிவைக்காவிட்டால் இந்த ஏற்பாடு ஓடாது. இன்னொன்று: அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு எடுபடாது என்பதால் பல வீடுகளில் பேச்சு போட்டிம் (Botim) என்ற ஆப்பில்தான். போட்டிமை ‘எப்போதும் அனுமதி’யில் போட மறந்தால், வாப்பா போட்ட வரம்பு வாப்பாவின் வீடியோ காலையே தடுத்துவிடும்.

எல்லாவற்றையும் தாண்டிய ஓட்டை, வீட்டில் கிடக்கும் பழைய போன். கண்ணாடி உடைந்தது, பேட்டரி உப்பியது என்று அலமாரியில் போட்டுவைத்ததைப் பிள்ளை எடுத்து, கூட்டாளியின் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுவான். பூட்டிய போன் மேஜைமேல் ஒழுக்கமாக இருக்கும். எக்ஸ்சேஞ்சில் போட முடியாத போன்களை ரீசெட் அடித்து விற்றுவிடுங்கள், இல்லையென்றால் பூட்டிய பீரோவில் வையுங்கள்.

கேம் கம்பெனிகள் தாங்களே போடும் வரம்பை நம்ப வேண்டாம். 2023-இல் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் திரும்ப வந்தபோது 18 வயதுக்குக் கீழே ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தார்கள். வயதைப் பிள்ளையே போடுகிறான். ஓடிபி கேட்டால் அம்மாவின் போன் பக்கத்தில்தானே இருக்கிறது. சீனாவில் 2021 முதல் சிறுவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறும் அரசு விடுமுறை நாளும் ஒவ்வொரு மணி நேரம்தான் என்று அரசாங்கமே விதி போட்டது. அங்கேயும் பெரியவர்களின் அடையாளத்தை வைத்து உள்ளே போகிறார்கள்.

தனி ஆப்கள்

ஆப்பிளாக் (AppBlock) போன்ற ஆப்களில் ‘ஸ்ட்ரிக்ட் மோடு’ உண்டு. குறித்த நேரம் முடியும்வரை வரம்பை மாற்றவும் விடாது, ஆப்பை நீக்கவும் விடாது. விளம்பரத்தில் பார்த்தால் இதுதான் கடைசிப் பூட்டு என்று தோன்றும். நான் அவ்வளவு நம்பவில்லை. ஆண்ட்ராய்டில் இவை ‘அக்சசிபிலிட்டி’ அனுமதியை வைத்துத்தான் ஓடுகின்றன. போனை சேஃப் மோடில் திறந்தால் வெளியிலிருந்து இறக்கிய ஆப் எதுவும் ஓடாது, பூட்டும் ஓடாது. அதோடு நம் ஊரில் அதிகம் விற்கும் பட்ஜெட் போன்கள் பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னால் ஓடும் ஆப்களைத் தாமாகவே கொன்றுவிடும். பூட்டு தூங்கிப்போனது யாருக்கும் தெரியாது. அக்சசிபிலிட்டி அனுமதி என்பது திரையில் தெரிவதையெல்லாம் அந்த ஆப் படிக்கலாம் என்ற அனுமதி. பணம் அனுப்பும் போனில் பேர் தெரியாத ஆப்புக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

ஆனால் பெரியவர்களுக்கு இதில் ஒரு வகை உதவும். ஒன்செக் என்ற ஆப் எதையும் பூட்டாது. இன்ஸ்டாகிராமைத் தொட்டால் ஒரு மூச்சு இழுத்துவிடச் சொல்லி, நிஜமாகவே வேண்டுமா என்று கேட்கும். 2023-இல் பிஎன்ஏஎஸ் ஆய்விதழில் அதைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அப்படிக் கேட்டபோது 36 சதவீதத் தடவை திறக்காமல் மூடிவிட்டார்கள். ஆறு வாரத்தில் திறக்கப் போகும் தடவையே 37 சதவீதம் குறைந்தது. ஏமாற்ற ஆசையில்லாதவருக்குத் தடிமனான பூட்டு தேவையில்லை, கொஞ்சம் தாமதம் போதும் என்று நான் சொல்வதற்கு இது ஓர் ஆதாரம். அதே ஆப்பைப் பதினான்கு வயதுப் பையனிடம் கொடுத்தால் மூச்சை இழுத்துவிட்டு உள்ளே போவான்.

யூடியூப்தான் பிரச்சினை என்றால், பார்த்த வரலாற்றைச் சேமிக்காமல் நிறுத்தி, பழையதையும் அழித்துவிட்டுப் பாருங்கள். 2023-இலிருந்து அப்படிச் செய்தால் முகப்புப் பக்கம் காலியாக நிற்கும். தேடினால்தான் வீடியோ வரும். மோட்டார் ரிப்பேர் வீடியோ தேடிப் போனவர் மோட்டார் ரிப்பேரோடு திரும்பி வருவார்.

நெட்டையே மூடுவது

ஃபைபர் இணைப்பு இருக்கும் வீட்டில் ரூட்டரிலேயே இரவு பத்து மணிக்குப் பிள்ளையின் போனுக்கு நெட் கிடையாது என்று வைக்கலாம். மேக் முகவரி என்ற போனின் அடையாள எண்ணை வைத்துத்தான் ரூட்டர் ஆளை அடையாளம் காணும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் அந்த முகவரியை மாற்றிக் காட்டுகின்றன. அந்த வசதியைப் பிள்ளையின் போனில் நிறுத்தாவிட்டால் ரூட்டர் ஏமாறும். இதையெல்லாம் செய்தாலும் சிம்மில் டேட்டா இருந்தால் ரூட்டரைச் சீண்டக்கூட வேண்டியதில்லை. எந்தத் தளம் திறக்கலாம் என்று வடிகட்டும் பிரைவேட் டிஎன்எஸ் போட்டு யூடியூபைத் தடுப்பதும் இப்படித்தான், செட்டிங்ஸில் ஒரு வரியை அழித்தால் போச்சு.

நான் அதிகம் பரிந்துரைப்பது ரீசார்ஜில் கை வைப்பதை. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதியைத் திருத்தியதால், நெட் இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் தரும் பேக்குகளை எல்லா கம்பெனியும் கொடுத்தாக வேண்டும். பிள்ளையின் சிம்முக்கு அதைப் போடுங்கள். நெட் வேண்டுமென்றால் அம்மா போனில் ஹாட்ஸ்பாட் போட்டால்தான் உண்டு. அம்மா தூங்கப் போகும்போது அணைத்துவிட்டால் பிஜிஎம்ஐயும் இல்லை, ஃப்ரீ ஃபயர் மேக்ஸும் இல்லை, ஷார்ட்ஸும் இல்லை. எந்த ஆப்பும் தேவையில்லை, சேஃப் மோடு செல்லாது, ரீசெட் அடித்தும் பயனில்லை. ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்றுவது மட்டுமே வேலை. பகலில் இறக்கிவைத்த படத்தை இரவில் பார்ப்பான், அதை இதனால் தடுக்க முடியாது. பார்க்கட்டும், ஒரு படம் முடிவுக்கு வரும், ரீல்ஸ்தான் முடியாது.

இதற்கு வரும் எதிர்ப்பு பிள்ளையிடமிருந்து இல்லை, “காசு கொடுத்தும் நெட் இல்லாத பேக்கா” என்று அப்பாவிடமிருந்துதான். 2016-இல் ஜியோ வந்த பிறகு நெட் இல்லாத சிம் என்பதே நமக்கு மறந்துவிட்டது.

கீபேட் போன்

பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள், எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு கீபேட் போனுக்குப் போய்விடட்டுமா என்று. நினைப்பதைவிட இது நடக்கக்கூடிய காரியம். வானிலைக்குப் பாம்பனில் கடல் ஓசை சமுதாய வானொலி 90.4-இல் இருக்கிறது, மீனவர்களுக்காகவே 2016-இல் தொடங்கியது. கீபேட் போனில் எஃப்எம் உண்டு, ஹெட்செட் வயரைச் செருகினால் ஏரியலாகிவிடும். காசுக்கு 2022-இல் வந்த யூபிஐ 123பே இருக்கிறது, ஸ்மார்ட்போன் இல்லாமலும் அனுப்பலாம், கொஞ்சம் மெதுவாகப் போகும். ஆனால் படகில் போகிறவர் ஜிபிஎஸ் பார்ப்பதற்கும், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃப்ரெண்ட் ஆப்பில் அலை உயரம் பார்ப்பதற்கும் ஸ்மார்ட்போன் வேண்டும். அதனால் கரையில் கீபேட், கடலில் ஸ்மார்ட்போன் என்று பிரித்துவைப்பதே சரிவரும். ஸ்மார்ட்போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, தொழிலுக்குப் போகும் அன்று வாங்கிக்கொள்வது. தடைக்காலத்தில் அந்த போன் வீட்டுக்குப் பொதுவாக அம்மாவிடம் இருக்கும். வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: இப்போது வரும் சில கீபேட் போன்களில் யூடியூபும் இருக்கிறது.

எந்த வீட்டுக்கு எது

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தனி போன் இருக்கிறது: ஃபேமிலி லிங்க், சாவி அம்மாவிடம், கூடவே நெட் இல்லாத பேக். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் ஓட்டையை இன்னொன்று அடைக்கும்.

பதினைந்து, பதினாறு வயது என்றால் யோசனை மாறுகிறது. அந்த வயதில் பூட்டைத் தடிமனாக்க ஆக்க அவன் நேரமெல்லாம் பூட்டை உடைப்பதிலேயே போகும். யூடியூபில் அதற்கென்றே வீடியோக்கள் இருக்கின்றன. இந்த வயதுக்கு ஹாட்ஸ்பாட் ஏற்பாடும், இரவில் எல்லாருடைய போனும் ஒரே இடத்தில் சார்ஜில் இருப்பதும் போதும் என்று நினைக்கிறேன். எல்லாருடைய போனும் என்றால் அப்பாவுடையதும்தான். தடைக்காலத்தில் அப்பா இரவு ஒரு மணி வரை ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் எந்தப் பூட்டும் நிற்காது.

ஒரே போனை வீடே பயன்படுத்துகிறது என்றால் ஃபேமிலி லிங்க் வேண்டாம். ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன் பின்னிங் உண்டு. பாட ஆப்பைத் திறந்து பின் செய்து, விலக்கப் பின் நம்பர் கேட்கச் சொல்லி, பிள்ளையிடம் கொடுங்கள். அந்த ஆப்பை விட்டு வெளியே வர முடியாது. ஜிபேயும் பத்திரமாக இருக்கும்.

தன்னைத் தானே கட்ட நினைக்கும் பெரியவருக்கு, ஐபோன் என்றால் ஸ்கிரீன் டைம் பாஸ்கோடை வீட்டில் ஒருவரைப் போடச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் முதலில் ஒன்செக் போன்ற தாமதம், அது போதாவிட்டால் ஆப் லாக்கால் செட்டிங்ஸைப் பூட்டுவது. சாவியைக் கூட்டாளியிடம் கொடுக்காதீர்கள். ராத்திரி பதினொன்றரைக்கு “மச்சான், நம்பரைச் சொல்லுடா” என்று போன் போட்டால் கூட்டாளி சொல்லிவிடுவான். மனைவி, அம்மா, பெரிய மகள், இவர்களில் யாராவது என்றால் கேட்கவே கூச்சமாக இருக்கும்.

எதைப் போட்டாலும், போட்ட அன்றே ‘எப்போதும் அனுமதி’ பட்டியலை உட்கார்ந்து நிரப்புங்கள். போன் பேசும் ஆப், மேப், காற்று பார்க்கும் ஆப், வெளிநாட்டிலிருந்து பேசும் ஆப், பள்ளிக்கூடம் பயன்படுத்தும் ஆப். கான்டாக்டில் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077 மூன்றையும் சேமித்துவையுங்கள். அதை முடித்த பிறகு ஒரு தடவை வரம்பை ஐந்து நிமிடத்துக்கு வைத்து, போன் பூட்டிக்கொண்டதும் பிள்ளையை விட்டே அப்பாவுக்கு ஒரு கால் போடச் சொல்லிப் பாருங்கள். போகவில்லை என்றால் போனைக் கடைக்குக் கொண்டுவாருங்கள், சரிசெய்து தருகிறேன். அக்டோபரில் வடகிழக்குக் காற்று தொடங்குவதற்கு முன்னால் வந்தால் நல்லது.